மாப்ளே, உங்க வூடு ஆடுதுங்க

வாங்க மாப்ளே, வாங்க. மொதல்ல தண்ணி குடிங்க. மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்குது? அம்மிணி, நீ உள்ள போயி உங்க பெரியம்மாகிட்ட ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி மோந்து பாரு. கல்லாறு தாண்டுனதுல இருந்தே உனக்குத் தலை சுத்தியிருக்கும், புருசன் மனசு நோகுமேன்னு வாயைத் தொறக்காம வந்திருப்பே.

டீக்கடைத் திண்டுல உக்காந்துதானுங்க பாத்துட்டிருந்தேன். நீங்க வளைவைத் தாண்டி நேரா வந்துட்டீங்க. வண்டி மேல இருந்த பொட்டி மட்டும் இன்னும் அந்த வளைவையே நெனச்சு ஆடிக்கிட்டிருந்துச்சு. பக்கத்துல இருந்தவன், “யாரு வண்டிங்க அது?”ன்னு கேட்டான். எனக்கு என்னமோ தெரியலைப்பான்னுட்டேன். ஊருக்குள்ள எனக்கும் கொஞ்சம் மரியாதை இருக்குதுங்களே.

பிக்கப் வாங்குனீங்க, சரி. அது முதுகு மேல கட்டிலும் அடுப்பும் வெச்சு ஒரு வூட்டைக் கட்டுனீங்க, அதுவும் சரி. வூடு கட்டுனா புதுமனைப் புகுவிழாவுக்குப் பெரியவங்களைக் கூப்பிடோணும், அதை விட்டுட்டீங்க. போகட்டும். ஆட்டத்துக்கு ஷாக் அப்சார்பர் மாத்தியாச்சு மாமா, வெளிநாட்டுச் சரக்குங்கறீங்க பாருங்க, அங்கதானுங்க எனக்குச் சிரிப்பு வருது.

ஷாக்கு என்ன வேலை பண்ணும்? ஸ்பிரிங் ஒருக்கா அமுங்கி எந்திரிச்சா, மறுபடி மறுபடி குதிக்காம அடக்கி வெக்கும். வண்டி எத்தனை நேரம் ஆடுதுங்கறதுதான் அதோட கணக்கு. எத்தனை தூரம் சாயுதுங்கறது அதோட கணக்குல இல்லீங்க. நீளமான வளைவுல சாஞ்சபடியே போற வண்டிக்கு எந்தத் தேசத்து ஷாக்கைப் போட்டாலும் அது சாஞ்சுதான் போகும். என்ன, முந்தி வெடுக்குன்னு சாஞ்சது இப்பக் கொஞ்சம் மரியாதையாச் சாயும். அந்த மரியாதைக்கா அத்தனை ரூவா குடுத்தீங்க?

இந்த நீலகிரி மலையில வண்டி எதனால சாயுதுன்னு தெரியோணும்னா ரெண்டு பேரைப் பாத்தாப் போதுங்க. கேத்திப் பள்ளத்தாக்குல வெளைஞ்ச கேரட்டைக் கழுவி மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு எறக்குறானே, அவன் ஒருத்தன். நல்ல கனம். ஆனா மூட்டையெல்லாம் அடியில அழுந்திப் படுத்திருக்கும். இன்னொருத்தன் பச்சைத் தேயிலை அள்ளிட்டு ஃபேக்டரிக்குப் போறவன். அவன் சுமை வானத்தைத் தொடும், ஆனா கனம் கம்மி. அப்படியிருந்தும் வளைவு வந்தா அவன் எத்தனை பதனமாத் திருப்புறான்னு பாருங்க. உங்களுது கேரட்டோட கனம், தேயிலையோட உசரம். ரெண்டு வண்டிக்கும் இருக்குற கெட்ட கொணத்தை ஒட்டுக்காச் சேத்து ஒரே வண்டியில வெச்சு, அதுக்குப் பூப்போட்ட திரைச்சீலை வேற மாட்டியிருக்கீங்க.

நீங்க படிச்சவங்க, அதனால கணக்காவே சொல்றனுங்க. ரெண்டு பக்கத்துச் சக்கரத்துக்கும் நடுவுல ஒண்ணரை மீட்டர் அகலம்னு வெச்சுக்குங்க. அதுல பாதி 75 சென்டிமீட்டர். வண்டியோட மொத்த எடையும் நிக்கிற எடம், அதை எடைமையம்னு நீங்க படிச்சிருப்பீங்க, அது தரையில இருந்து 75 சென்டிமீட்டர்ல இருந்து, நீங்க வூடு கட்டுனதுல 1 மீட்டருக்கு ஏறிப்போச்சுன்னா, வண்டியைக் கவுக்கத் தேவைப்படுற தள்ளு கால்வாசி கொறைஞ்சு போச்சுங்க. இது ஸ்பிரிங்கும் டயரும் அசையாத கட்டையா இருந்தா. அதுகளும் அமுங்குமில்ல? அப்ப இன்னும் கொறையும். இடுப்புல கொழந்தையை வெச்சுக்கிட்டு ஓடுறவங்களைத் தோள் மேல நிக்க வெச்சுட்டு ஓடச் சொல்லிப் பாருங்க, கணக்குப் போடாமயே புரிஞ்சு போகும்.

அதனால மொதல் வைத்தியத்துக்குக் காசே வேண்டாமுங்க. எறக்கி வெக்கறதுதான்.

கூரை மேல சிலிண்டரு ஒண்ணு, சமையல் பக்கம் இன்னொண்ணு. எதுக்குங்க ரெண்டு? வூட்டுச் சிலிண்டருல காஸு மட்டும் 14.2 கிலோ, இரும்பு ஒரு 15, 16 கிலோ. ஆகமொத்தம் 30 கிலோவைத் தூக்கிட்டுப் போயி உச்சந்தலையில வெச்சிருக்கீங்க. பயணத்துக்குன்னு 5 கிலோ சிலிண்டரு கெடைக்குது, அதைக் கீழ, கம்பி போட்டு இறுக்கி வெச்சா ஆவாதா? அப்பறம் அந்தச் சமையல் மேடை. கறுப்புக் கிரானைட்டு! ஏம் மாப்ளே, ஓடுற வண்டியில கிரானைட்டு எதுக்குங்க? பிளாட்டு வாங்குன மாதிரி வழவழன்னு இருக்கோணும்னு அம்மிணி கேட்டுதாக்கும். ஒண்ணரை மீட்டர் நீளத்துக்கு அந்தக் கல்லு 35 கிலோ வரும். அலமாரிக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட்டு, அதுல பாதி கனத்துல இருந்தாலும் தட்டும் டம்ளரும் கீழ வுழுகாது. 2024 மே மாசத்துல இருந்து நீலகிரிக்கு வர்ற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும்னு ஹைகோர்ட்டு சொல்லிருச்சு. அந்த பாஸு எடுக்கறப்ப என்ன வண்டி, எத்தனை பேருன்னுதான் கேக்கறாங்க, கிரானைட்டு இருக்குதான்னு கேக்கறதில்லை. கேக்கோணுமுங்க.

எல்லாத்தையும் கடாசச் சொல்லலை. பேட்டரி இருக்கட்டும், ஆனா தரை மட்டத்துல, பின்னச்சுக்கு முன்னால. கனமா எது இருந்தாலும் அங்கதான் அதுக்கு எடம். பின்னச்சுக்குப் பின்னால தொங்குற ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைத் தரையில இருந்து தூக்கப் பாக்கும். நீங்க ஏத்தத்துல ஸ்டியரிங் என்னமோ லேசா இருக்குது மாமான்னு சந்தோசப்பட்டீங்களே, அது சந்தோசப்படற சமாச்சாரம் இல்லீங்க. பீங்கான் கக்கூசையும் சைக்கிளு ரெண்டையும் கடைசி ஓரத்துல மாட்டுனா வேற என்ன ஆகும்?

தண்ணித் தொட்டி எத்தனை லிட்டரு? 100ன்னா 100 கிலோ. அதுல பாதி தீந்திருந்தா இன்னும் மோசமுங்க. மொதல் வளைவுல தண்ணி இந்தப் பக்கம் ஓடும், நீங்க திருப்பி நிமுர்றதுக்குள்ள அந்தப் பக்கம் ஓடும். நீங்க ஒரு தாளம், தண்ணி ஒரு தாளம். டேங்கர் லாரிக்குள்ள ஓட்டை போட்ட தடுப்புத் தகடு வெச்சிருக்கறது எதுக்குன்னு நெனைக்கறீங்க? தகடு வைங்க. இல்லாட்டி ஏறும்போது காலியா வாங்க. இந்த மலையில தண்ணிக்கா பஞ்சம்? அருவியெல்லாம் ரோட்டோரமே கொட்டுது, நீங்க சிறுவாணித் தண்ணியை மேட்டுக்குச் சொமந்துட்டு வர்றீங்க.

எறக்கியாச்சுன்னா அடுத்தது கையால ஒரு சோதனை. இதுக்கும் காசில்லை. வண்டியைச் சமதரையில நிறுத்தி, பின்மூலையில நின்னு பொட்டியை ரெண்டு கையாலயும் நல்லாத் தள்ளுங்க. பொட்டி மட்டும் நகந்து வண்டி சும்மா நின்னா, கட்டுதான் குத்தம். நாலு மூலையிலயும் இழுத்துக் கட்டியிருக்கற கொக்கியைப் பாருங்க. அது எங்க மாட்டியிருக்குது? தகரத்துலயா, சேசிஸ்லயா? தகரத்துல மாட்டுனா தகரம் வளையும், அப்பறம் கிழியும். சேசிஸ்ல மாட்டோணும், அடியில ரப்பர் பாய் விரிக்கோணும், கொஞ்ச தூரம் ஓட்டுனதும் எறங்கி மறுபடி இறுக்கோணும். காய்கறி வண்டிக்காரன் பர்லியாறுல டீ குடிக்கறதுக்கு மட்டுமா நிறுத்தறான்? ஒரு கை கிளாஸுல இருக்கும், இன்னொரு கை கயித்தை இழுத்துப் பாத்துட்டிருக்கும். நீங்க அங்க நிறுத்துனப்ப ரெண்டு கையாலயும் செல்ஃபி எடுத்திருப்பீங்க.

பொட்டியோட சேந்து வண்டியும் ஆடுது, டயரு பக்கவாட்டுல பிதுங்குதுன்னா காத்து. டிரைவர் கதவைத் தொறந்தா சட்டத்துல ஒட்டியிருக்கற சீட்டைப் படிச்சிருக்கீங்களா? காலி வண்டிக்கு ஒரு அளவு, சுமையோட போனா ஒரு அளவுன்னு போட்டிருக்கும். காலையில, வண்டி எடுக்கறதுக்கு முந்தி, டயரு குளிர்ந்திருக்கறப்ப வைக்கற காத்துதான் காத்து. டயரோட பக்கத்துல அது எத்தனை கனம் தாங்கும்னு ஒரு எண்ணு இருக்கும், அதையும் பாருங்க. காருக்குப் போடற சொகுசு டயரைப் போட்டுட்டு வூட்டைச் சொமக்கச் சொன்னா அது என்ன பண்ணும், பாவம். தள்ளறப்ப அடியில டொக்குன்னு சத்தம் வந்தா புஷ்ஷு தேஞ்சு போச்சு. அது சின்ன ரப்பரு, சின்ன வெலை. அதை விட்டுட்டுத்தான் உங்களுக்கு ஷாக்கு வித்த ஆளு பெரிய சாமானா வித்திருக்கான்.

இத்தனையும் பண்ணி அதுக்கப்பறமும் சாஞ்சாத்தானுங்க கடைக்குப் போகோணும். அப்பவும் மொதல்ல கேக்க வேண்டியது பின்னச்சுக்கு ஸ்டெபிலைசர் பாரு. குறுக்கால போற ஒரு முறுக்குக் கம்பி, அவ்வளவுதான். பல பிக்கப்புல முன்னால இருக்கும், பின்னால இருக்காது. ரெண்டு சக்கரமும் ஒண்ணாப் பள்ளத்துல எறங்குனா அது கண்டுக்காது. ஒரு பக்கம் மட்டும் அமுங்குனா முறுக்கிக்கிட்டு எதுத்து நிக்கும். சாயறதுக்குன்னே பொறந்த மருந்து அதுதான். ஆனா ஆசைப்பட்டு ரொம்பத் தடிசாப் போட்டீங்கன்னா, மழை ஈரத்துல பின் சக்கரம் வழுக்கிக்கிட்டு வெளிய போயிரும். குன்னூர்ல ஈரம் எத்தனை மாசம்னு உங்களுக்கே தெரியும்.

ஸ்பிரிங் பட்டையும் பாக்கலாம். சில வண்டியில சுமைக்குன்னு தனியா ஒரு பட்டை இருக்கும், நல்லா அமுங்குனாத்தான் அது வேலைக்கு வரும். நடுவுல இருக்கற அந்த எடைவெளியிலதான் வண்டி தொங்கி ஆடும். ரப்பர் கட்டை வெச்சு அதைச் சீக்கிரமே தொட வெக்கலாம், இல்லாட்டிப் பட்டறையில சொல்லி ஒரு பட்டை எச்சாச் சேக்கலாம். காத்துப் பை போடறேன்னு யாராச்சும் வந்தா ஒரே ஒரு கேள்வி கேளுங்க. ரெண்டு பைக்கும் ஒரே குழாயா, தனித்தனியா? ஒரே குழாய்ன்னா, சாயற பக்கத்துக் காத்து நசுங்கி எதுத்த பக்கம் ஓடிப்போயி அந்தப் பக்கத்தைத் தூக்கி விடும். ஆட்டத்தைக் கொறைக்கக் காசு குடுத்து ஆட்டத்தை வாங்குன கதைதான்.

இன்னொண்ணும் கேட்டுக்குங்க. பட்டை எத்தனை சேத்தாலும் ஆர்.சி. புத்தகத்துல எழுதியிருக்கற மொத்த எடை ஒரு கிலோ கூட ஏறாது. காலி எடையைக் கழிச்சுப் பாருங்க, மிச்சம் எத்தனைன்னு தெரியும். அதுல நீங்களும் ஒரு சுமைதான், கோவிச்சுக்காதீங்க. மோட்டார் வாகனச் சட்டத்துல 52வது பிரிவுன்னு ஒண்ணு இருக்குது, கம்பெனி கட்டுன வடிவத்தை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுங்குது. நாலு போல்ட்டைக் கழட்டுனா இது வெறும் சரக்குங்கறீங்க, மாட்டுனா வூடுங்கறீங்க. ஆர்.டி.ஓ. முன்னால எதைச் சொல்றதுன்னு மொதல்லயே முடிவு பண்ணிக்குங்க.

இனிமே இருக்கறது உங்க வலது காலு. நம்ம மலை ரயிலைப் பாருங்க. 1899ல குன்னூருக்கு வந்துச்சு, 1908ல ஊட்டிக்குப் போச்சு. தண்டவாளத்தோட அகலம் ஒரே ஒரு மீட்டர், 46 கிலோமீட்டருக்குள்ள 208 வளைவு. அத்தனை பெரிய பொட்டியை எப்படிக் கவுக்காமக் கொண்டு போறாங்க? பல்சக்கரத்துல ஏறுற எடத்துல மணிக்கு 13 கிலோமீட்டர், அதுக்கு மேல ஒரு அடி கெடையாது. வேற ரகசியம் ஒண்ணுமில்லீங்க. வளைவுல 20ல போற நீங்க 30ல போனா வேகம் ஒண்ணரை மடங்குதான், ஆனா வெளிய தள்ளறது ரெண்டேகால் மடங்கு. பிரேக்கை வளைவுக்கு முன்னாலயே முடிச்சிரோணும். வளைவுக்குள்ள மிதிச்சா எடையெல்லாம் வெளிப்பக்கத்து முன் சக்கரத்து மேல போயி உக்காந்துக்கும். எறங்கறப்ப ரெண்டாவது கியரு, வேணும்னா ஒண்ணு. நியூட்ரல்ல வுட்டு டீசல் மிச்சம் பண்றேன்னு கெளம்பிராதீங்க, இந்த மலையில அப்படி மிச்சம் பண்ணவங்க வேற நெறையச் செலவு பண்ணியிருக்காங்க.

கல்லட்டி வழியா மசினகுடிக்கு எறங்கலாம்னு யோசனையா? 36 கொண்டை ஊசி வளைவு. உங்க கோயமுத்தூரு நம்பரு வண்டியை அந்தப் பக்கம் எறங்க விட மாட்டாங்க, TN 43ன்னு நம்பரு இருந்தாத்தான். போலீஸ்காரரைத் திட்டாதீங்க, கையெடுத்துக் கும்பிட்டுட்டுத் திரும்புங்க. சீசன்ல ஏறுறது குன்னூர் வழி, எறங்கறது கோத்தகிரி வழின்னு ஒருவழிப் பாதை ஆக்கியிருக்காங்க, அதுலயே பொறுமையாப் போங்க.

சரி, எந்திரிங்க, சாமானை எறக்கிப்புடலாம். கிரானைட்டைப் பின்னால குழாயடியில போடுங்க, உங்க அத்தை துணி தொவைக்கக் கல்லு வேணும்னு ரொம்ப நாளாக் கேட்டுட்டிருக்கறா. சிலிண்டரு ரெண்டையும் சமையக்கட்டுக்குக் கொண்டு போங்க, எங்களுது நேத்து ராத்திரிதான் தீந்துச்சு. சைக்கிளைத் திண்ணையில சாத்துங்க, பேரன் பாத்துக்குவான்.

ஐயோ, நானா வேண்டாம்னேன்? திரும்பிப் போறப்பத் தாராளமா எடுத்துட்டுப் போங்க மாப்ளே. ஆனா எறங்கறதுதான் கோத்தகிரி வழியாச்சே. அத்தனை தூரம் சுத்திக்கிட்டு இந்தப் பக்கம் எதுக்குங்க வரோணும்?