அடுப்படித் தரையின் மூலபாடம்: ஒரு கிழக்கு ஜன்னலை முன்வைத்துச் சில ஆய்வுக் குறிப்புகள்

ஆய்வுக்களம் மதுரையில் 1968-இல் கட்டிய ஒரு வீட்டின் அடுப்படி. பத்தடிக்கு எட்டடி. வாஸ்துப்படி அக்கினி மூலை, அதாவது தென்கிழக்கு. சமைப்பவர் கிழக்குப் பார்த்து நிற்க வேண்டும் என்பதால் அடுப்பு மேடை கிழக்குச் சுவரை ஒட்டி இருக்கிறது. மேடைக்கு மேலே தாத்தா தாராள மனசோடு வைத்த நாலு கதவு ஜன்னல். காலையில் உள்ளே நுழையும் வெயில் பத்து மணி வரை தரையில் காலை நீட்டிக்கொண்டு கிடக்கும். வீட்டில் வேறு யாருக்கும் அந்த வசதி கிடையாது.

சென்ற ஆண்டு போகிக்கு வீடு ஒழிக்கும்போது, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் கிடந்த ரப்பர் மிதியடியை என் மனைவி எடுத்தாள். “ஏங்க, இங்க வந்து பாருங்க” என்றாள். குடும்பங்களில் நடக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன.

தரையில் மரப்பலகை போல அச்சடித்த பிவிசி விரிப்பு ஒட்டியிருந்தோம். வெயில் படும் இடம், பால் அதிகமான டீயின் நிறத்துக்கு வந்திருந்தது. மிதியடிக்கு அடியில் வெயிலே பட்டதில்லை. அங்கே பழைய நிறம் பத்திரமாக இருக்க வேண்டும். இல்லை. மிதியடி அளவுக்கே துல்லியமாக ஒரு மஞ்சள் செவ்வகம். ரப்பர் கெட்டுப்போகாமல் இருக்க அதில் சேர்க்கும் வேதிப்பொருள் மெல்லக் கசிந்து பிவிசிக்குள் இறங்கி மஞ்சளாக்கிவிடும், கழுவினாலும் போகாது. ஆக, வெயில் பட்ட இடமும் திரிந்தது, படாத இடமும் திரிந்தது. அப்படியானால் மூலபாடம் எது?

ஏட்டுச்சுவடி பதிப்பித்தவர்களுக்கு இந்தக் கலக்கம் புரியும். கையில் இரண்டு பிரதி, இரண்டிலும் பிழை, மூன்றாவது எங்கேயோ கரையானோடு இருக்கிறது. எங்கள் மூன்றாம் பிரதி அரிசி டிரம்முக்கு அடியில் கிடைத்தது. டிரம்மை நகர்த்தியதும் கடைக்காரர் காட்டிய அதே தேக்கு நிறம், அதே பளபளப்பு, வட்டமாக. என் அம்மா எட்டிப்பார்த்து, “இதுதான் அந்தக் கலரா? அப்பவே எனக்குப் பிடிக்கலை” என்றார்.

புதுத் தரை போடுவது என்று அன்றே தீர்மானமானது. எந்தத் தரை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் சொல்லாராய்ச்சி, சுருக்கமாக. அடுக்களை, அடுப்படி, அடுப்பங்கரை, போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற குசினி என்று இந்த அறைக்கு ஊருக்கு ஒரு பெயர் உண்டு. தரையில் பதிப்பதற்கோ நாடெங்கும் ஒரே சொல்தான்: டைல்ஸ். இதற்கு ஒருமை கிடையாது. ஒன்று உடைந்தாலும் “ஒரு டைல்ஸ் போச்சு” என்போம். ஒன்று போனால் அதே மாதிரி கிடைக்காமல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருப்பதால் பன்மையே சரி என்பது என் துணிபு.

அடுத்து நிலப்பாகுபாடு. தொட்டியடி எந்நேரமும் ஈரம், எனவே மருதம். உப்பு ஜாடி இருக்கும் மூலை நெய்தல். ஜன்னல் வெயில் விழும் துண்டு பாலை. பாலைக்குத் தனி நிலம் இல்லை, வேறு நிலம் வெம்மையால் திரிந்தே பாலை ஆகிறது என்பது பழைய கொள்கை. எங்கள் அடுப்படியில் அது மெய்யாகவே நடக்கிறது, ஏனென்றால் இந்தப் பாலை ஊர்ந்துகொண்டே இருக்கிறது. மதுரையில் சூரியன் மார்கழியில் நேர்கிழக்குக்குச் சுமார் 24 பாகை தெற்கே தள்ளி உதிக்கிறது. ஆனியில் அதே அளவு வடக்கே. எனவே கிழக்கு ஜன்னல் வழியாக வரும் வெயில் மார்கழியில் வடமேற்கு மூலையை நோக்கியும் ஆனியில் தென்மேற்கு மூலையை நோக்கியும் விழும். “ஜன்னலுக்கு நேரே மட்டும் நல்ல கல் போட்டால் போதாதா?” என்று சிக்கனக்காரர்கள் கேட்பர். அற்றன்று. ஓராண்டில் அந்த வெயில் ஏறக்குறைய முழுத் தரையையும் அளந்துவிடுகிறது.

ஜன்னலுக்குக் கண்ணாடி இருக்கிறதே எனின், சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் உக்கிரமான பகுதியைத்தான் பெரும்பாலும் தடுக்கும். மிச்சத்தில் கணிசமான பங்கு உள்ளே வந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற ஒளியே சாயத்தை வெளுக்கவல்லது. தவிர, எங்கள் ஜன்னலைத் தாளிப்பு நேரத்தில் யாரும் மூடிப் பார்த்ததில்லை.

வெளிறலை அளப்பது எப்படி? மேல்நாட்டில் நீலச் சாயமிட்ட எட்டுக் கம்பளித் துண்டுகளை வைத்துக்கொள்கிறார்கள். முதல் துண்டு சீக்கிரம் வெளுக்கும், எட்டாவது லேசில் அசையாது. சோதிக்கும் பொருளை இவற்றோடு ஒளியில் வைத்து, எந்தத் துண்டோடு சேர்ந்து வெளுக்கிறது என்று பார்த்து மதிப்பெண் தருவார்கள். மதுரையில் கம்பளிக்கு எங்கே போவது? எங்கள் வீட்டு அளவுகோல் ஜன்னலுக்கு எதிரே மாட்டிய மாதக் காலண்டர். அச்சு மைகளில் சிவப்பும் மஞ்சளும் முதலில் ஓடிவிடும். நீலம் கடைசி வரை நிற்கும். தையில் மயில் மீது செக்கச்செவேலென்று அமர்ந்த முருகன், ஆவணிக்குள் நீலமேனியராகித் தம் மாமனைப் போலவே ஆகிவிட்டார். முருகன் மாமன் ஆவதற்குள் திரியும் தரை கடைநிலைத் தரை. ஆன பிறகும் திரியாதது முதல்நிலைத் தரை. இதுவே நாம் வகுத்த அளவை.

இனி பொருள்கள். நிறம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். அச்சிலிருந்தும் சாயத்திலிருந்தும் வந்த நிறம் வெயிலுக்குப் பயப்படும். நெருப்பிலிருந்தும் துருவிலிருந்தும் வந்த நிறம் பயப்படாது. விட்ரிஃபைடு டைல்ஸ் சுமார் 1200 டிகிரி சூளையில் வெந்து வருகிறது. அதன் நிறம் உலோக ஆக்ஸைடுகளால் ஆனது. அந்தச் சூளையைப் பார்த்துவிட்டு வந்ததற்கு மதுரைச் சித்திரை வெயில் இளநீர் மாதிரி. இயற்கையான கிரானைட்டும் அப்படியே. ஆனால் கரேலென்று இருப்பதற்காகச் சாயம் ஏற்றிய கிரானைட்டும் சந்தையில் உண்டு, அது வெயிலில் சாம்பல் பூக்கும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை வெள்ளைத் துணியில் நனைத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். துணி கறுத்தால் கல்லை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். நான் கடையில் இதைச் செய்தபோது கடைக்காரர் என்னை மட்டுமல்ல, பாட்டிலைக் கைப்பையில் கொண்டுவந்த என் மனைவியையும் சேர்த்துப் பார்த்தார்.

மார்பிளும் கடப்பாவும் சுண்ணாம்பு வகைக் கற்கள். வெயில் அவற்றை ஒன்றும் செய்யாது. புளிக்கரைசலும் எலுமிச்சையும் செய்யும். அமிலம் பட்ட இடம் பளபளப்பு இழந்து வெளுத்துத் தெரியும், பழி வெயில் மேல் விழும். ரசம் வைக்கும் சமூகம் அடுப்படிக்கு மார்பிள் போடுவது தைரியமான முடிவு. மரத்தரை பற்றி விரிக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீட்டில் அதற்கு ஆயுள் ஒரு வெள்ளிக்கிழமை.

லினோலியத்துக்கு ஒரு பத்தி தர வேண்டும், அதன் குணவிசேஷத்துக்காக. இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் வால்டன் 1860-களில் ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சிக் கண்டது. இது இருட்டில் வைத்தால் மஞ்சளாகும், வெளிச்சத்தில் வைத்தால் தெளிந்துவிடும். உலகமே வெயிலில் வெளிறிக்கொண்டிருக்கையில் வெயில் படாததால் நிறம் கெடுகிற ஒரு தரை! எங்கள் வீட்டுக்கு இதை வாங்கியிருந்தால் மிதியடியும் அரிசி டிரம்மும்தான் குற்றவாளிகள் ஆகியிருக்கும்.

தரையில் நிறம் நின்றால் மட்டும் போதாது, காலும் நிற்க வேண்டும். வழுக்கல் ஆராய்ச்சியில் ஜெர்மானியர்களை மிஞ்ச முடியாது. ஒரு சாய்தளத்தில் மாதிரிக் கற்களைப் பதித்து, மேலே எஞ்சின் ஆயில் ஊற்றி, சோதனைக் காலணி மாட்டிய ஒருவரை நடக்கவிட்டு, அவர் வழுக்கும் வரை சாய்வைக் கூட்டிக்கொண்டே போவார்கள். 10 முதல் 19 பாகை வரை தாங்கினால் ஆர்-10 என்று தரம். நம் வீடுகளில் இதே சோதனை நல்லெண்ணெயிலும் வெறுங்காலிலும் நடக்கிறது, சான்றிதழ்தான் தருவதில்லை. கண்ணாடி போல் மின்னும் டைல்ஸை அடுப்படிக்கு வாங்க வேண்டாம்; சொரசொரப்பான மேட் வகையை வாங்குக.

டைல்ஸ் தேர்ந்தாலும் அதன் இடைவெளி காலை வாரும். வெள்ளை சிமெண்ட் பூசினால் குழம்பைக் குடித்துக் குழம்பு நிறமாகும். எபாக்ஸி பூசினால் கறை ஏறாது, ஆனால் வெயிலில் எபாக்ஸியே மஞ்சளடிக்கும். சாம்பல் நிறம் கேட்டு வாங்குவது அறிவு. பத்து சதவீதம் கூடுதலாக வாங்கிப் பரணில் போடுவது பேரறிவு. ஒரே பெயர், ஒரே எண் உள்ள டைல்ஸும் தொகுதி மாறினால் ஒரு நூல் நிறம் மாறும். அட்டைப்பெட்டியில் ஷேடு எண் என்று தனியாகவே அச்சடித்திருப்பார்கள். மூன்று வருடம் கழித்து வாங்கிச் செருகிய ஒற்றை டைல்ஸ், இடைச்செருகல் என்று குழந்தைக்கும் தெரியும்.

மஞ்சள்பொடி விஷயத்தில் வெயில் நம் கட்சி. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் ஒளியில் சிதையும். வேட்டியில் சாம்பார் சிந்தினால் துவைத்து வெயிலில் போடச் சொல்லும் அம்மாக்களின் வேதியியல் இதுவே. சோப்புப் பட்டதும் கறை சிவந்து வயிற்றைக் கலக்குமே, அது காரம் பட்ட குர்குமினின் இயல்பு; சுண்ணாம்பு சேர்த்ததும் ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் அதே வித்தைதான். ஆகவே ஜன்னலை அடைக்கச் சொல்லும் தரப்பு, மஞ்சள் கறையோடு வாழச் சித்தமாக இருக்க வேண்டும்.

இத்தனையும் ஏட்டுச்சுரைக்காய் ஆகிவிடக் கூடாது என்று ஐந்து மாதிரித் துண்டுகளைச் சித்திரையில் ஜன்னலடியில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றின் பாதியையும் கறுப்புத் துணியால் மூடினேன். வைகாசியில் கடப்பாத் துண்டைக் காணோம். மாவுப் பாத்திரத்தின் மேல் மூடியாக இருந்தது. மார்பிள் துண்டில் அம்மா சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தார். விட்ரிஃபைடு துண்டு ஆடுகிற சிலிண்டருக்கு முட்டுக்கொடுத்தது. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, சூளையே காணாமல் காயவைத்துத் தண்ணீரில் ஊறவிட்டு எடுக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கு அழகின் காரணமாகப் பதவி உயர்வு. பூஜை அலமாரியில் விளக்கு அதன் மேல். ஐந்தாவது மரப்பலகை. அது வெள்ளிக்கிழமையில் உப்பியது என்று முன்பே குறிப்பாகச் சொன்னேன். கறுப்புத் துணி கரித்துணி ஆயிற்று.

கார்த்திகையில் மேஸ்திரி வந்து பிவிசி விரிப்பைக் கிழித்தார். அடியில் நான் முற்றிலும் மறந்துபோயிருந்த ஒன்று: தாத்தா காலத்துச் சிவப்பு ஆக்ஸைடு தரை. சிமெண்டில் காவியைக் கலந்து, கொத்தனார் மண்டியிட்டுப் பின்னோக்கி நகர்ந்தபடி கரணையால் இழைத்து இழைத்து மழுப்பிய தரை. ஓரத்தில் பூனைப் பாதம் ஒன்று, இழைத்த அன்று இரவே நடந்துபோனது. ஐம்பது வருட வெயிலை விழுங்கியும், பசையையும் தூசியையும் துடைத்ததும் அதே சிவப்பு. காரணம் எளியது. அந்தச் சிவப்பு ஃபெரிக் ஆக்ஸைடு, அதாவது துரு. இரும்பு முழுதாகத் துருவான பிறகு வெயில் அதனிடம் பிடுங்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. விழுப்புரம் பக்கம் கீழ்வாலைப் பாறைகளில் செங்காவி உருவங்கள் இன்னும் நிற்பதும் அதனால்தான். முருகன் எத்தனை முறை மாமன் ஆனாலும் இது திரியாது.

“இதையா மூடி வச்சீங்க?” என்றார் மேஸ்திரி. அம்மா என்னைப் பார்த்தார். விரிப்பு வாங்கியது யார் என்ற வரலாற்றுக் கேள்வி இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது.

தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்ததில் தரை விழித்துக்கொண்டது. தென்மேற்கு மூலையில் மட்டும் ஒரு முழ நீள வெடிப்பு. மேஸ்திரி காவி கலந்து அடைத்தார், நாலு நாள் சாக்கு நனைத்துப் போட்டார். மார்கழி முதல் வாரத்தில் சாக்கை எடுத்துப் பார்த்தால் ஒட்டுப்போட்ட இடம் செங்கல் நிறத்தில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது.

“கலர் சேரலையே மேஸ்திரி.”

“நாலு வெயில் பட்டா பழசோட சேர்ந்துரும் சார்.”

அந்த மூலைக்கு வெயில் வர ஆனி ஆகும். நான் சொல்லவில்லை, மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அம்மா அரிசி டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து அதன் மேல் வைத்தார்.