துறைமுகத்தடியில் ஆங்கிலப் பகிடிக்குச் சிரிப்போரும் சிரியாதோரும்: திருகோணமலையை மையமாகக் கொண்ட ஒரு முன்னாய்வு

ஒரே தேத்தண்ணிக் கடை, ஒரே வாங்கு, ஒரே பிளேன்டீ. மேலே ரீவியில் மிஸ்டர் பீன். ஒருவர் மேசையில் அடித்துச் சிரிக்கிறார், பக்கத்தில் இருப்பவர் "இதில என்ன இருக்கு?" என்றபடி வடையைப் பிய்க்கிறார். இருவரும் ஒரே ஊர், பெரும்பாலும் ஒரே ஒழுங்கை, சில வேளை ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பிறகு ஏன் இந்த வேறுபாடு? இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பிரச்சினை இதுதான். நாட்டில் வேறு பிரச்சினைகளும் உண்டு என்பதை ஆய்வாளர் அறிவார்.

ஆய்வுப் பரப்பு உட்துறைமுக வீதியில் தொடங்கி, டொக்யாட் வீதி வழியாகப் பிரெட்றிக் கோட்டை வாசல் வரை செல்கிறது. கோட்டை மான்கள் சேர்க்கப்படவில்லை. அவை எதற்கும் சிரிப்பதில்லை என்பது முதற்கட்ட அவதானிப்பிலேயே தெளிவாயிற்று. விருந்தினர் விடுதிகளின் பொருட்டுப் பரப்பு உப்புவெளி வரை சற்று நீட்டப்பட்டது. தகவலாளர்கள் பெயர் வெளியிட விரும்பவில்லை. சிலருக்குத் தாங்கள் தகவலாளர்கள் என்பதே தெரியாது.

முதலில் ஊரில் பரவலாக நிலவும் ஒரு கோட்பாட்டை அப்புறப்படுத்த வேண்டும். இதைக் கடற்படைக் கோட்பாடு எனலாம். திருமலைக்காரருக்கு ஆங்கிலப் பகிடி பிடிப்பதற்குக் காரணம், பிரித்தானியக் கடற்படை இங்கே நெடுங்காலம் நங்கூரம் போட்டு இருந்ததுதான் என்பது அதன் சாரம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆண்டுக்கணக்குத்தான் உதைக்கிறது. கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது 1957 ஒக்டோபர் 15இல். 'கேரி ஆன்' படவரிசையின் முதற்படமான 'கேரி ஆன் சார்ஜன்ட்' வந்தது 1958இல். மொன்டி பைத்தன் நகைச்சுவைக் குழுவின் தொடர் 1969இல். நமக்கோ தொலைக்காட்சியே 1979இல்தான், சுயாதீனத் தொலைக்காட்சி என்ற பெயரில் வந்தது; ரூபவாஹினி 1982இல். வெள்ளைக்காரர் முதலில் கப்பலை எடுத்துக்கொண்டு போனார்கள், பகிடியை ஆறுதலாகத்தான் அனுப்பினார்கள். இருந்த காலத்தில் இங்கே அவர்கள் விட்டுச் சென்றவை சீனக்குடாவில் நிற்கும் 99 எண்ணெய்க் குதங்கள் முதலியன. அவற்றில் நகைச்சுவை எதையும் இவ்வாய்வாளர் காணவில்லை.

கடற்படைக் கோட்பாட்டினர் கென்னத் வில்லியம்ஸைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். 'கேரி ஆன்' படங்களில் மூக்கை விடைத்துக்கொண்டு கதைக்கும் அதே மனிதர், இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது இலங்கையில் இருந்தார் என்பது உண்மை. ஆனால் அவர் இருந்தது தரைப்படையின் வரைபடப் பிரிவில். இங்கிருந்து சிங்கப்பூர் போய்ப் படையினர் கலை நிகழ்ச்சிக் குழுவில் சேர்ந்த பிறகுதான் மேடையேறினார். இலங்கையில் இருந்தவரை அவர் வேலை வரைபடம். சார்ளி சாப்ளினும் 1932இல் இலங்கைக்கு வந்து போனார். அவர் வந்தது உல்லாசப் பயணியாக. ஆகவே கோட்பாடு தள்ளுபடி.

இனி எமது கோட்பாடு. தன் நாளாந்த வாழ்க்கையில் நடைமுறையாக இருக்கும் எதையும் பார்த்து ஒருவர் சிரிப்பதில்லை. அவ்வளவுதான். சிறியதாகத் தெரிந்தாலும் இதைக் கொண்டு துறைமுகத்தடியின் சிரிப்பையும் உம்மென்றிருத்தலையும் ஏறத்தாழ முழுவதுமாக விளக்கிவிடலாம்.

1990 ஜனவரி முதலாந் திகதி ஒளிபரப்பான மிஸ்டர் பீனின் முதல் அங்கத்தை எடுப்போம். பீன் கடற்கரைக்குப் போகிறார். நீச்சல் காற்சட்டைக்கு மாற வேண்டும். சற்றுத் தள்ளி ஒரு மனிதர் அமர்ந்திருக்கிறார். அவர் முன்னால் கழற்ற வெட்கம். ஆகவே போட்டிருக்கும் காற்சட்டைக்கு மேலேயே நீச்சல் காற்சட்டையை ஏற்றி, பிறகு உள்ளே இருப்பதை வெளியே எடுக்க அவர் படும் பாடு இருக்கிறதே, உலகமெங்கும் அதற்கு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் அந்த மனிதருக்குக் கண் தெரியாது என்பது தெரியவரும். இதை ஒல்லாந்தர் விரிகுடாப் பக்கத்து மீனவர் ஒருவருக்குக் கைபேசியில் காட்டியபோது அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. கடைசி வரை பொறுமையாகப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"சேர், இந்த ஆளிட்ட ஒரு சாரம் இல்லையா?"

ஆய்வாளர் திகைத்துப் போனார். சாரத்தை இடுப்பில் கட்டி, உள்ளே இருப்பதைக் கழற்றி, மற்றதைப் போட்டு, சாரத்தை அவிழ்த்தால் வேலை முடிந்தது. நம் கரைகளில் ஆணாய்ப் பிறந்த எவரும் ஊன்றிக் கவனிக்காமலே செய்யும் காரியம். பீனாக நடித்த ரோவன் அட்கின்சன் என்ற மாபெரும் கலைஞர் அவ்வளவு நேரம் உழைத்துக் கட்டிய காட்சி முழுவதும், சாரம் என்ற ஒன்றை இங்கிலாந்து அறியாததால் எழுந்தது. தகவலாளர் பீனைப் பார்த்து இரக்கப்பட்டார், சிரிக்கவில்லை. அதே மனிதர், பீன் தேவாலயத்தில் தூங்கி விழும் அடுத்த காட்சிக்கு வாய்விட்டுச் சிரித்தார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அவர் கோயிலுக்குப் போவது கொடியேற்றத்துக்கும் தேருக்கும்தான். அங்கே மேளச் சத்தத்தில் எவருக்கும் தூக்கம் வராது.

இரண்டாவது சான்று 'ஃபோல்ட்டி டவர்ஸ்'. 1975இலும் 1979இலுமாக மொத்தம் 12 அங்கங்களே வந்த இத்தொடரை ஆங்கிலேயர் தங்கள் நகைச்சுவையின் சிகரம் என்பார்கள். விருந்தினரை எரிச்சலுடன் நடத்தும் விடுதிக்காரர் பசில் ஃபோல்ட்டிக்கு மூலம் டோக்கீ நகரில் விடுதி நடத்திய ஒருவர். முன்னாள் கடற்படை அதிகாரி. 1970இல் மொன்டி பைத்தன் குழுவினர் அங்கே தங்கியபோது, அவர்களில் ஒருவரான எரிக் ஐடில் விட்டுச் சென்ற பையைக் குண்டு என்று பயந்து மதிலுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்துவிட்டார். உள்ளே இருந்தது எலார்ம் மணிக்கூடு. இந்தக் கதையைச் சொல்லி ஐம்பது வருடமாக அங்கே சிரிக்கிறார்கள். உப்புவெளி விடுதிக்காரர் ஒருவரிடம் சொன்னேன்.

"அவர் செய்தது சரிதானே, தம்பி. சொந்தக்காரன் இல்லாத பையை உள்ளுக்கு வெச்சிருக்கிறதா? நாங்க எண்டா தொடவே மாட்டம். தள்ளி நிண்டு பொலிசுக்கு அறிவிப்பம்."

ஆசனத்தின் கீழே குனிந்து பார்த்துவிட்டு பஸ்ஸில் உட்காரப் பழகிய தலைமுறையின் பதில் இது. சிரிக்க வேண்டிய இடத்தில் அவர் அந்த ஆங்கிலேயரின் கவனக்குறைவைத்தான் கண்டார்: பையைக் கையால் தூக்கலாமா?

மூன்றாவது சான்று அரசாங்க உத்தியோகம் பற்றியது. 'யெஸ் மினிஸ்டர்' தொடரில் 1981இல் வந்த ஓர் அங்கம்: புத்தம் புதிய வைத்தியசாலை. நிர்வாகத்தில் 500 பேர். நோயாளி ஒருவரும் இல்லை. அப்போதைய பிரதமர் மார்கரெட் தாச்சருக்கு இத்தொடர் மிகவும் பிடித்திருந்தது. அதன் நடிகர்களுடன் சேர்ந்து ஒரு சிறு காட்சியில் தானே நடிக்கவும் செய்தார். கச்சேரியில் இருந்து இளைப்பாறிய பிரதம இலிகிதர் ஒருவர் அந்த வைத்தியசாலை அங்கத்தைக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கட்டடம் முடிஞ்சால் முதலில ஆளணிதானே வரும்? ஆளணி இல்லாமல் நோயாளியை ஆர் பதியிறது?" என்றார். நிறுத்தவேண்டாம், முழுவதும் போடுங்கள் என்றும் சொன்னார். தொடரின் பிற்பகுதியில் கோவையில் குறிப்பு எழுதும் முறை தவறு என்று இரண்டு இடங்களில் திருத்தினார். அவருக்கு அது ஒரு பயிற்சிப் படம்.

இந்த மூவருக்கும் பக்கத்திலேயே, அதே காட்சிகளுக்கு உருண்டு புரண்டு சிரிப்பவர்கள் இருந்தார்கள். இலிகிதருக்குச் சிரிப்பு வராத வைத்தியசாலைக்கு மீனவர் சிரித்தார். விடுதிக்காரர் சிரிக்காத பைக்கு ரியூசன் வாத்தியார் சிரித்தார், அவர் பஸ் ஆசனத்தின் கீழே குனிந்து பார்த்துப் பழகிய தலைமுறை அல்லர். ஆனால் அதே வாத்தியாரிடம் 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' பற்றிக் கேட்டால் முகம் சுருங்கிவிடும். வெளிநாட்டவருக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் ஜெரமி பிரவுணின் வகுப்பில் இருப்பதோ பத்துப் பேரளவில். "பத்துப் பிள்ளை, ஒரு கரும்பலகை, ஒழுங்கான மின்விசிறி. இதுக்கும் அவருக்குத் தலையிடியாம்!" என்று தொடங்கினால் நிற்பாட்ட முடியாது.

அந்தத் தொடரில் நமக்கு ஒரு பங்கு உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தலைப்பாகையும் தாடியுமாக ஆயிரம் தடவை மன்னிப்புக் கேட்கும் சீக்கியர் ரஞ்சித் சிங்காக நடித்த அல்பர்ட் மோசஸ் பஞ்சாபி அல்லர், கம்பளையில் பிறந்தவர். பாகிஸ்தானியர் அலி நதீமாக வந்த டினோ ஷஃபீக் பிறந்தது டாக்காவில். ஒவ்வொரு இனத்தையும் ஓர் அச்சில் வார்த்துக் காட்டுகிறது என்று முகம் சுளித்து, 1979இல் தொலைக்காட்சி நிர்வாகி மைக்கல் கிரேட் தொடரை நிறுத்தினார். அதன் பிறகும் எங்கள் பக்கத்தில் அது செத்துப்போகவில்லை. இலண்டனில் யாருக்காக வெட்கப்பட்டார்களோ அவர்கள்தான் இங்கே சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் அபிப்பிராயத்தில் தொடரின் முதல் ஆறேழு அங்கங்கள் நல்லவை. மிச்சம் ஒரே பகிடியைத் திருப்பிச் சூடாக்கியவை.

இளம் தலைமுறை ரொமேஷ் ரங்கநாதனைக் காட்டுகிறது. இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகன். 1978இல் இங்கிலாந்தில் பிறந்தவர். தாய் சாந்தியின் சொற்படி 2015இல் பிபிசி தொடருக்காக இலங்கைக்கு வந்து திண்டாடியவர். அவருடைய பகிடிகளைத் தாய்மார் சிலருக்குப் போட்டுக் காட்டினோம். அதற்கு முன் அவர் வரலாற்றைச் சொன்னதுதான் முறையியல் பிழை. கணித ஆசிரியராக இருந்தவர் அந்த வேலையை விட்டுவிட்டுப் பகிடி விடப் போனார் என்றதும் ஒரு தாய் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். "கணக்கு வாத்தியாரோ? ஐயோ, அந்தத் தாய்!" அதன் பின் எந்தப் பகிடியும் எடுபடவில்லை.

கோட்பாட்டுக்கு எதிரான சான்றுகளை மறைப்பது ஆய்வறமன்று. 1959 முதல் 1977 வரை பிபிசி வானொலியில் 'தி நேவி லார்க்' என்று ஒரு தொடர் போயிற்று. கப்பலை எங்கேயாவது மோதிக்கொண்டே இருக்கும் கடற்படையினரின் கதை. அதை விரும்பிக் கேட்டவர்களில் கடற்படையினரும் அடக்கம். 1963இல் பாத்திரங்களைக் கப்பலில் இருந்து இறக்கித் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் வேலைக்கு விட்டுப் பார்த்தார்கள், நேயர்கள் ஒப்பவில்லை, மறுபடி கப்பலில் ஏற்ற வேண்டியதாயிற்று. தன் நடைமுறைக்குத் தானே சிரிக்கும் ஒரு தொழில் இருக்கிறது என்று இதனால் ஆகிறது. ஒருவேளை கப்பலை மோதுவது அவர்களது நடைமுறை அல்ல என்று பதில் சொல்லலாம். சொல்லிவிட்டு அவசரமாக அடுத்த சான்றுக்குப் போகிறோம்.

அடுத்த சான்று இதைவிடச் சங்கடமானது. சாப்ளினின் 'தி கோல்ட் ரஷ்' (1925) படத்தில் பசி தாங்காமல் சப்பாத்தை அவித்து, ஆணியை முள்போல உறிஞ்சி, நாடாவை இடியப்பம்போலச் சுற்றித் தின்பார் அல்லவா? அதற்கு எவரையும்விட அதிகம் சிரித்தவர், எழுபதுகளில் சிறிமாவோ அரசாங்கக் காலத்தில் பாணுக்கு விடியப்புறமே வரிசையில் நின்ற ஒரு பெரியவர். கோட்பாட்டின்படி அவர் சிரித்திருக்கவே கூடாது. ஆகவே திருத்தம் ஒன்று அவசியமாகிறது: நடைமுறை முடிந்து போதிய காலம் சென்றால் அது பகிடியாகும். எவ்வளவு காலம் என்பதை நிர்ணயிக்க இயலவில்லை. பாண் வரிசை பகிடியாகிவிட்டது. போர் 2009இல் முடிந்தது. பை இன்னும் ஆகவில்லை.

'டாட்ஸ் ஆர்மி' பற்றி ஓர் அத்தியாயம் எழுதத் திட்டமிடப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப்போரில் ஊரைக் காக்கத் துவக்குக் கொடுக்கப்பட்ட வயோதிபர்களைப் பற்றிய, 1968 முதல் 1977 வரை வந்த அருமையான தொடர் அது. திருகோணமலை மாவட்டத்தில் ஊர்காவல் படை என்றால் என்ன என்பதை அறிந்தவர்கள் முன் அதைப் போட்டுவிட்டு முகங்களைக் குறிப்பெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அத்தியாயம் இல்லை.

ஆய்வின் பெருங்குறை, தகவலாளர்களில் பெரும்பாலோர் தேத்தண்ணிக் கடை ஆண்கள் என்பது. இதை ஈடுசெய்ய இலிகிதரின் வீட்டுக்கே போனோம். அவருடைய மனைவி கோப்பியும் பலகாரமும் கொண்டு வந்து வைத்துவிட்டு, கணவர் எந்தெந்த ஆங்கிலப் பகிடிக்குச் சிரிக்கிறார், எதற்குச் சிரிப்பதில்லை என்ற எமது அட்டவணையைக் கதிரையின் கைப்பிடியைப் பிடித்தபடி முழுவதும் வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கிறீங்க, தம்பி. ஆனா இவர் சொல்லுற பகிடிக்கு இந்த வீட்டில இவ்வளவு காலமும் ஆர் சிரிச்சது எண்டு ஒருத்தரும் கேக்கல்லையே?"

வினாக்கொத்தில் அந்தக் கேள்வி இல்லை.