‘சின்னச் சேஞ்ச்’ என்னும் அளவை: கடல்கடந்த வீடியோ எடிட்டரை அமர்த்துதல் குறித்து ஓர் ஆராய்ச்சி

சிறு வியாபாரிகள் கடல் கடந்து ஒரு வீடியோ எடிட்டரைத் தேடும்போது இரண்டே விஷயங்களைத்தான் விசாரிக்கிறார்கள்: மணிக்கு எவ்வளவு, எந்த சாஃப்ட்வேர். இவ்விரண்டும் பயனற்ற விசாரணைகள் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். நமது எடுகோள் எளியது: வேலையைச் சொல்லி அனுப்பும் முதல் செய்திக்கு எடிட்டர் எத்தனை கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறார் என்று எண்ணினால் போதும். ஆய்வுக்களமாக டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு புடவைக் கடையையும், மதுரையில் ஓர் எடிட்டரையும் எடுத்துக்கொள்வோம். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். இருவருக்கும் தாய்மொழி ஒன்றே என்பதால் இதைவிடச் சுலபமான களம் கிடைக்காது. இங்கேயே இத்தனை சிக்கல் என்றால், ஒஹாயோவின் ஒரு பிளம்பருக்கும் பிலிப்பைன்ஸின் செபுவில் இருக்கும் அவருடைய எடிட்டருக்கும் நடுவே நடப்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

முதல் சான்று வாட்ஸ்அப்பில் கிடைக்கிறது. “தம்பி, சின்னச் சேஞ்ச் ஒண்டு.” இத்தொடரில் ‘சின்ன’ என்பது அளவைக் குறிக்கும் அடைமொழி என்று கொள்வோர் பிழை செய்கிறார்கள். காராட்டை வெள்ளாடு என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கல வழக்கு என நம் இலக்கண உரைகள் சொல்கின்றன. ‘சின்னச் சேஞ்ச்’ அந்த இனத்தைச் சேர்ந்தது. பாட்டை மாற்றுவதும், பாட்டை மாற்றியதால் வெட்டுகளையெல்லாம் புதிய தாளத்துக்கு நகர்த்துவதும் ‘சின்ன’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். ஒரே அறையில் இருந்தால் எடிட்டரின் தோளுக்குப் பின்னால் நின்று, “அதில்லை, அதுக்கு முன்னால” என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். குளிர்காலத்தில் டொராண்டோவுக்கும் மதுரைக்கும் இடையே பத்தரை மணி நேரம். இரவு 9 மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு முதலாளி அனுப்பும் செய்தி மதுரையில் மறுநாள் காலை 7.30-க்கு இறங்குகிறது. காலை 10 முதல் மாலை 7 வரை எடிட்டர் உழைக்கும் நேரம் முதலாளிக்கு இரவு 11.30 முதல் காலை 8.30 வரை, அதாவது ஒருவர் வெட்டும்போது மற்றவர் குறட்டை விடுகிறார். காலையில் முதலாளி பார்ப்பார். கடை மூடிய பிறகுதான் திருத்தம் எழுதுவார். ஆகவே ஒரு சின்னச் சேஞ்ச் என்பது ஒரு முழு நாள். இந்த அளவை மாறாதது. மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை டொராண்டோக்காரர்கள் கடிகாரத்தை நகர்த்தி இடைவெளியை ஒன்பதரையாகக் குறைத்தாலும் நாள் நாள்தான். ஏழு சின்னச் சேஞ்சுகளுக்குள் ஒரு வாரம் போய்விடுகிறது. அதற்குள் தள்ளுபடியும் முடிந்துவிடுகிறது. ஃபைல் பெயர்களும் இதற்குச் சாட்சி. ஒரு சொல் நான்கு முறை வரை அடுக்க நன்னூல் இடம் தருகிறது. ‘ஃபைனல் ஃபைனல் ஃபைனல் ஃபைனல் ஃபைனல்’ என்று ஒரு வீடியோ வந்து நிற்குமானால் அது இலக்கண வரம்பையே தாண்டிவிட்டது.

சேஞ்சுகளைப் பிறப்பிப்பது எடிட்டரின் திறமைக் குறைவு அன்று, கேட்கப்படாத கேள்வி. முதலாளி “வடிவா வெட்டுங்கோ” என்று எழுதுகிறார். யாழ்ப்பாணத்தில் ‘வடிவா’ என்றால் அழகாக, நன்றாக. மதுரைக்காரர் அதை ‘வடிவம்’ என்று படித்து வட்டமும் நட்சத்திரமும் பறக்கவிட்டால் அவர் மேல் குற்றமில்லை. “ஓகேண்ணே” என்று பதில் எழுதியதுதான் குற்றம். ‘ஓகேண்ணே’ மூன்று பொருள் தரும் ஒரு சொல்: புரிந்தது; புரியவில்லை, சமாளித்துக்கொள்கிறேன்; இன்னும் படிக்கவில்லை. இன்னொன்று. புடவையை 4கே தரத்தில் படமெடுத்தால் ஐபோனில் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி ஆகிறது. ஒரு மணி நேரத்துக்கு 10 ஜிபி. கூகுள் இலவசமாகத் தருவதே மொத்தம் 15 ஜிபி. ஆகவே முதலாளி சாதாரண வீடியோவாக வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுகிறார். அது சுருக்கி அனுப்புகிறது. காஞ்சிபுரத்துச் சரிகை கட்டம் கட்டமாகச் சிதைந்து போய்ச் சேருகிறது. “டாக்குமெண்டாக அனுப்புறீங்களாண்ணே?” என்ற ஒரு வரி அந்தச் சரிகையைக் காப்பாற்றியிருக்கும். ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் ஒரு வெட்டு நல்ல வெட்டா என்று பார்க்க ஆறு அளவுகோல்களை வைத்து, உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10 என்று பிரித்தார். புடவைக் கடை முதலாளியைப் பொறுத்தவரை அந்த 51-ம் கடையின் போன் நம்பர் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதற்கே உரியது. இதை மர்ச்சின் புத்தகத்தில் கற்க முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி கேட்பவர் வேலை தெரியாதவர் என்பது முதல் மறுப்பு. ரவிக்கை தைக்கக் கொடுக்கும் எந்தப் பெண்மணியும் இதை ஏற்கமாட்டார். அளவு ரவிக்கை எங்கே, கழுத்து எவ்வளவு இறக்கம், கொக்கி முன்னாலா பின்னாலா என்று கேட்காத டெய்லரிடம் யாரும் துணியைக் கொடுப்பதில்லை. எடிட்டர் “ரெஃபரன்ஸ் வீடியோ ஏதாவது இருக்காண்ணே?” என்று கேட்பதும் அளவு ரவிக்கை கேட்பதுதான். அப்படியானால் நாற்பது கேள்விகளை ஒரு ஃபார்மில் போட்டு அனுப்புபவர்தான் மாமேதையா என்றொரு துணை மறுப்பு எழலாம். இல்லை, அவர் தாசில்தார் ஆபீஸ் மரபைச் சேர்ந்தவர். கல்லாவில் பில் போட்டுக்கொண்டே பதில் சொல்லக்கூடியவைதான் கேள்விகள்.

இரண்டாவது மறுப்பு கூலியைப் பற்றியது, இது கனமானது. 2024 அக்டோபரில் ஒண்டாரியோவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.20 டாலர் ஆயிற்று. மலிவுக்காகத்தானே மதுரை, அங்கே கேள்வி பதில் எல்லாம் எதற்கு என்பது வாதம். ஆனால் மலிவு மணிக்கணக்கில் இருக்கிறது, செலவோ நாள்கணக்கில் ஓடுகிறது. ‘அன்லிமிடெட் ரிவிஷன்’ என்று விளம்பரம் செய்பவரை அமர்த்துவது இதனாலேயே ஆபத்து. எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தித் தருகிறேன் என்பவர், முதல் முறை புரிந்துகொள்ளப் போவதில்லை என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறார். இரண்டு ரிவிஷன் மட்டும், அதற்கு மேல் தனிக் காசு என்று கறாராகப் பேசுபவர் கட்டாயம் நிறையக் கேட்பார். கேட்காவிட்டால் நட்டம் அவருடையது. கடைக்காரர்கள் இலவசமாகச் சாம்பிள் கேட்பதை இந்த ஆய்வு கண்டிக்கிறது. ஒரு நிமிட வீடியோவுக்குக் காசு கொடுத்துச் சோதித்தால் கேள்வியும் சேர்ந்து வரும். ஓசிச் சாம்பிளுக்கு ஓசிக் கவனம்தான் கிடைக்கும்.

அக்கா மகன் இங்கேயே இருக்கிறானே, சும்மா செய்து தருவானே என்பவர்களுக்கு நீண்ட பதில் வேண்டாம்: சும்மா செய்பவனிடம் சின்னச் சேஞ்ச் சொல்லிப் பாருங்கள். ஏஐ செய்துவிடுமே என்பது சற்று யோசிக்க வேண்டியது. பேச்சில்லாத இடங்களைத் தானாகக் கண்டுபிடித்து வெட்டித் தள்ளும் வசதி இப்போது பல சாஃப்ட்வேர்களில் இருக்கிறது. புடவைக் கடையிலோ, பட்டை விரித்து மடியில் போட்டு முந்தானையைத் தூக்கிக் காட்டும் அந்த நான்கு நொடியில் யாரும் பேசமாட்டார்கள். மெஷினுக்கு அது வெற்றிடம். “இந்த இடத்துல ஏன்ணே அமைதியா இருக்கீங்க? விடட்டுமா, வெட்டட்டுமா?” என்று கேட்கும் வழக்கம் அந்த வசதிக்கு இல்லை.

இறுதிச் சான்று நாட்காட்டியில் இருக்கிறது. ஸ்காபரோவில் பொங்கல் தள்ளுபடிக்கு வீடியோ வேண்டிய அதே ஜனவரி நாட்களில்தான் மதுரையில் பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல். “ஓகேண்ணே” சொன்ன எடிட்டர் அந்த மூன்று நாளும் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு, காணும் பொங்கலன்று அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் வாடிவாசல் பக்கம் நிற்பார். டொராண்டோவில் பனியை வாரியபடி முதலாளி நீல டிக்குக்காகக் காத்திருப்பார். நாம் பரிந்துரைக்கும் எடிட்டரும் அலங்காநல்லூருக்குத்தான் போவார். ஆனால் டிசம்பரிலேயே, “அண்ணே, இது என்னைக்குப் போடணும்?” என்று கேட்டிருப்பார். அதற்கு முதலாளி அனுப்பிய பதில் ஒரு கட்டைவிரல் பொம்மை. அதற்கு உரை எழுத இன்னும் யாரும் முன்வரவில்லை.