கடைக்குப் போனால் குணமாகும் கணினி

கேள்வி: சிம் லிம் ஸ்குவேரில் புதிதாக வாங்கிய கணினி அவ்வப்போது ஹேங் ஆகி நிற்கிறது. கடைக்குத் தூக்கிப்போனால் சமர்த்தாக ஓடுகிறது. என்ன செய்ய?
- தேக்கா வாசகர்

பதில்: கிளினிக் வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்டுவிடும் பிள்ளை மாதிரிதான் இதுவும். அடுத்த முறை திரை உறையும்போது கைப்பேசியில் வீடியோ எடுத்துவிடுங்கள்.

என் முதல் சந்தேகம் ரேம் மீது. அதைச் சோதிக்கும் ‘மெம்டெஸ்ட்86’ இலவசம், இரவு முழுக்க ஓடவிட்டு நீங்கள் தூங்குங்கள். ஒரு பிழை காட்டினாலும் ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓட்டிப் பார்க்கலாம். (லேப்டாப் என்றால் ஸ்குரூடிரைவரைத் தொடாதீர்கள், வாரண்டி கோபித்துக்கொள்ளும்.) அடுத்து பயாஸ். விண்டோஸில் ரைசன் கணினிகள் சில இடையிடையே திக்கியதை 2022இல் ஏஎம்டியே ஒப்புக்கொண்டது. புது பயாஸ்தான் மருந்து. 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகள் சிலவற்றுக்கும் தடுமாற்றம் வந்து, வாரண்டியையே இரண்டு ஆண்டு நீட்டினார்கள். ஆக, திருஷ்டி கழிப்பது கடைசி வேலை.

கடைக்காரர் கைவிரித்தால் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் ‘லெமன் லா’ எனும் சிங்கப்பூர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லுங்கள். வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரியும் கோளாறு, பொதுவாக விற்கும்போதே இருந்ததாகவே கருதப்படும். இல்லையென்று நிரூபிக்கவேண்டியவர் அவர்தான். ரசீது எங்கே வைத்தீர்கள்?