கிலோவாட் மாமா

சென்னையில் அறுபது வீடுகள் உள்ள எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஒரு கிலோவாட் மாமா இருப்பார். நேற்று முளைத்தவர் அல்ல. 2012 வாக்கில், மின்வெட்டு தினமும் வாட்டியபோது, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு எப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும் என்று மாடிமாடியாக ஏறிச் சொன்னவர் இவர்தான். பிறகு டி.டி.எஸ். மீட்டரோடு அலைந்தார், விருந்துக்குப் போன வீட்டில் கொடுத்த தண்ணீரை அளந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். இப்போது மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார். சட்டைப்பையில் கிளாம்ப் மீட்டர் துருத்திக்கொண்டிருக்கிறது.

காரை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிவு செய்தவர், அதற்கு வீட்டில் மாட்டும் சார்ஜரைப் பார்க்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டார்.

3.3, 7.2, 11, 22 என்று கிலோவாட் கணக்கில் நான்கு தினுசு உண்டு. மாமாவின் கண் நேரே 22-க்குப் போனது. ஷோரூம் தம்பி பொறுமையாகத்தான் சொல்லிப் பார்த்தான்.

“சார், உங்க காரு 7.2-க்கு மேல வாங்காது. 22 மாட்டினாலும் அதேதான்.”

“இன்னிக்கு வாங்காது. நாளைக்கு?”

“நாளைக்கும் வாங்காது சார்.”

தம்பி சொன்னது சரி. சுவரில் தொங்கும் பெட்டியைச் சார்ஜர் என்கிறோமே தவிர, ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக்கிப் பேட்டரிக்குள் தள்ளும் அசல் சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. பெட்டி வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி: வண்டி வந்திருக்கிறதா, எர்த் இருக்கிறதா என்று விசாரித்து, இத்தனை ஆம்பியர்தான் எடுக்கலாம் என்று சொல்லி, கேட்டைத் திறந்துவிடும். உள்ளே எவ்வளவு போகும் என்பது காரின் இஷ்டம்.

போகட்டும், மாமா ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டுகிறார்? நங்கநல்லூரிலிருந்து மயிலாப்பூர் போய் வந்தால் முப்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். நடுத்தர மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் தருகிறது என்று வைத்தால், வழியில் வீணாவதையும் சேர்த்து ஐந்து யூனிட். ஏ.சி.க்குப் போடுகிற சாதாரண 15 ஆம்பியர் பிளக், எர்த்தும் வயரும் ஒழுங்காக இருந்தால், அதை ஒன்றரை மணி நேரத்தில் ஏற்றிவிடும். இரவு முழுக்க கார் சும்மா நிற்கிறது என்று மாமி நினைவூட்டினார். “அவசரம்னு வந்தா?” என்றார் மாமா. பதினோரு வருஷமாக ஓய்வில் இருப்பவருக்கு வரும் அவசரம் என்னவென்று மாமி கேட்கவில்லை.

கடைசியில் 7.2-க்கு இறங்கி வந்தார். அடுத்த படலம், சிக்கனம். ஃபிரிட்ஜ் வாங்குவதுபோல் “எத்தனை ஸ்டார்?” என்று ஆரம்பித்தார். அமெரிக்காவில் எனர்ஜி ஸ்டார் முத்திரை கார் சார்ஜருக்கும் உண்டு; அது முக்கியமாகப் பார்ப்பது, வேலையில்லாமல் தொங்கும் நேரத்தில் பெட்டி தின்னும் மின்சாரத்தை. வைஃபை, திரை, விளக்கு எல்லாமாக ஐந்து வாட் இழுத்தால் வருஷத்துக்கு 44 யூனிட் ஆகிறது. இது நியாயமான கவலைதான். அந்த ஐந்து வாட்டுக்காக மாமா ஆறு கம்பெனிகளுக்கு மின்னஞ்சல் எழுதினார்.

அதே மாமா வயரில் கையை இறுக்கினார். மீட்டர் அறையிலிருந்து அவருடைய பார்க்கிங் வரை முப்பது மீட்டர். எலெக்ட்ரீஷியன் ‘6 ஸ்கொயர்’, அதாவது 6 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் கேட்டார். மாமா ‘4 ஸ்கொயர்’ போதும் என்றார். 32 ஆம்பியர் ஓடும்போது 4 ஸ்கொயரில் ஏறத்தாழ 280 வாட் வெறும் சூடாகப் போகும். 6 ஸ்கொயரில் அது 190 வாட்டாகக் குறையும். காசைவிடச் சூடுதான் பெரிய விஷயம்: மணிக்கணக்கில் முழு லோடு இழுக்கும் சாமான் வீட்டில் வேறு எது இருக்கிறது? இதையெல்லாம் எலெக்ட்ரீஷியன் விளக்கவில்லை. “4 போட்டா நான் கையெழுத்து போட மாட்டேன் சார்” என்றார். 6 வந்தது.

அசோசியேஷன் செயலாளர் தீ, மழைத்தண்ணீர், பெயின்ட் என்று மூன்று ஆட்சேபங்களோடு வந்தார். மாமா பையிலிருந்து லேமினேட் செய்த தாளை எடுத்தார். வீட்டில் இருக்கிற மின் இணைப்பிலிருந்தே காரைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல். முக்கிய வரி மஞ்சள் மையில். செயலாளர் படிப்பதற்குள் அவரே இரண்டு தடவை ஒப்பித்துவிட்டார். தீயைப் பற்றிக் கேட்ட கேள்வி அப்படியே நின்றது.

பெட்டி ஏறியது, காரைச் செருகியதும் சிவப்பு விளக்கு. மாமா ஆப்பைத் திறந்தார், மூடினார், பெட்டியின் சாஃப்ட்வேரைப் புதுப்பித்தார், கம்பெனிக்குப் போன் போட்டு இந்தியிலும் இங்கிலீஷிலும் மாறி மாறிப் பேசினார். எலெக்ட்ரீஷியன் மல்டிமீட்டரின் ஒரு முனையை நியூட்ரலிலும் மறு முனையை எர்த்திலும் வைத்தார். இரண்டு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது பதினெட்டு காட்டியது.

“பொட்டிய விடுங்க சார். பில்டிங்ல எர்த்தே இல்ல.”

கட்டின நாளில் புதைத்த எர்த் கம்பி எப்போதோ அரித்துப் போயிருந்தது. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் அதைக் கண்டுகொள்ளவில்லை, சார்ஜர் பெட்டி கண்டுகொண்டது. செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் குழி தோண்டி, புதிய கம்பி இறக்கி, மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டியதும் பச்சை எரிந்தது. அன்று முதல் மாமா காலையில் ஒரு குடம் தண்ணீரை எர்த் குழிக்கு ஊற்றுகிறார். செம்பருத்திக்கு மிச்சம் இருந்தால் உண்டு.

இதற்கு நடுவில், மூன்றாம் மாடி மருமகள் ஒன்றரை வருஷமாக மின்சார ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். ராத்திரி சாதாரண பிளக்கில் செருகுவாள், காலையில் பிடுங்குவாள். அவளிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. அவளிடம் லேமினேட் செய்த தாளும் இல்லை.

மாமாவுக்கு இப்போதைய எதிரி 500. இரண்டு மாதக் கரண்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே வேறு பட்டியலுக்குப் போய்விடும். ஐம்பதாவது நாளிலிருந்து கிரைண்டருக்கு அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. “ஏங்க, காருக்கு வேணா கொஞ்சம் பட்டினி போடுங்களேன்” என்கிறார் மாமி.

போன மாதப் பொதுக்குழுவில், எல்லாருக்கும் பொதுவாக நான்கு சார்ஜர் போடலாமா என்ற பேச்சு வந்தது. ஆராயும் குழுவுக்குத் தலைவராகக் கிலோவாட் மாமாவை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். எதிர்த்தால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் அதற்கு அவர் பதில் சொல்வார். டிபன் ஆறிக்கொண்டிருந்தது.