காலர் இல்லாதோர் விண்ணப்பம்

அனுப்புநர்:
சுண்ணாம்புக்குளம் ஏரிக்கரையில் காலர் இல்லாமல் நடமாடும் ஆண்கள் சார்பாக ஒருவன்,
கும்மிடிப்பூண்டி வட்டம், திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: நரைத்த தலையும் படம் போட்ட பனியனும் ஒரே உடம்பில் இருக்கலாமா – தெளிவுரை வேண்டுதல் – தொடர்பாக.
பார்வை: தலைமைச் செயலக ஊழியர் உடை குறித்த 2019-ஆம் ஆண்டு அரசாணை.

ஐயா,

தங்கள் துறையின் காலர்கள் கஞ்சி குறையாமல் விறைப்பாக நிற்கின்றன என்று நம்புகிறோம். இங்கே செய்தி என்னவென்றால், சென்ற வாரம் ஓர் அலுவலகத்தில் (பெயர் எதற்கு, எல்லா ஊரிலும் அதே மேசைதானே) அறுபதைத் தாண்டிய வலைக்காரர் ஒருவர் முதியோர் உதவித்தொகை மனுவோடு வரிசையில் நின்றார். இடுப்பில் துவைத்த கைலி. மேலே, சிங்கம் வாயைப் பிளந்து நிற்கும் மஞ்சள் டி-சர்ட். அந்தச் சிங்கத்துக்கும் ஒரு கோரைப்பல் சலவையில் உதிர்ந்துவிட்டது. மேசைக்காரர் மனுவைப் படிக்கவில்லை, சிங்கத்தைப் படித்தார். “இந்த வயசுல இதெல்லாம் தேவையா பெரியவரே? போய் காலர் வச்ச சட்டையா போட்டுட்டு வாங்க” என்றார். வரிசை சிரித்தது. மனு மடிப்புக் கலையாமல் ஊர் வந்து சேர்ந்தது. இதே மனு போன முறை திரும்பியதற்குக் காரணம், அறுபது நிரம்பியதற்குச் சான்று போதவில்லை என்பது. உதவித்தொகைக்கு வயது போதாதவர் பனியனுக்கு மட்டும் எப்படி வயது மீறியவர் ஆனார் என்பதைத் தங்களைப் போன்ற அறிஞர்கள்தான் விளக்க வேண்டும்.

தங்கள் ஆணையைக் குறை சொல்ல நாங்கள் யார்? ஊழியர்கள் சுத்தமாகவும் அலுவலகத்துக்குத் தகுந்த மாதிரியும் உடுத்த வேண்டும். ஆண்கள் சட்டையும் பார்மல் பேண்ட்டும் போடலாம், அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டியோ வேறு இந்திய மரபுடையோ உடுத்தலாம். கேஷுவல் உடை கூடாது. சம்பளம் கொடுப்பவருக்குச் சட்டையைப் பற்றிச் சொல்ல உரிமை உண்டு, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மேசைக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குச் சொன்னது, கோட்டையிலிருந்து இறங்கி வரும் வழியில் மேசைக்கு வெளியே நிற்பவருக்கு ஆகிவிட்டது. ஊழியருக்கான விதி மனுதாரருக்கானதாகி, மனுதாரருக்கானது அவர் வயதுக்கானதாகிவிட்டது. அரசின் அனுபவமே இதற்கு எதிராக இருக்கிறது. 2014 ஜூலையில் சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் போட்டது: வேட்டி கட்டியவரைத் தடுத்தால் உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். மேலே சட்டை போட்டிருந்த நீதிபதிக்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது என்றால், காலரே இல்லாத எங்களுக்கு எத்தனை சட்டம் தேவைப்படும் என்று தாங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் இந்த உடுப்பின் தொழில் என்ன என்று பார்க்க வேண்டும். டி-சர்ட் நெய்த துணியில்லை, பின்னிய துணி. நூல் வளையத்துக்குள் வளையமாகக் கோத்திருப்பதால் கையைத் தூக்கினால் நீள்கிறது, இறக்கினால் சுருங்குகிறது. வலை வீசுகிறவன் ஒரு நாளில் எத்தனை முறை கையைத் தலைக்கு மேலே கொண்டுபோகிறான் என்பதை அலுவலக நாற்காலி அறியாது. நெய்த சட்டை அக்குளில் கிழியும். அதன் பொத்தான் வலைக்கண்ணியில் மாட்டும். மாட்டிய பொத்தானை விடுவிப்பதற்குள் மடவை நழுவிப் போகும். கண்ணியத்துக்காகப் போட்ட பொத்தான் கண்ணியில் சிக்கிக்கொள்வதை நாங்கள் தினமும் பார்க்கிறோம், தாங்கள் ஒரு முறையாவது வந்து பார்க்கலாம். உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் ஊறுகிற முதுகுக்குத் திருப்பூர் பருத்தியைவிட மரியாதையான துணி கிடையாது. அறுபது வயதில் முதுகு மாறுவதில்லை, வெயிலும் ஓய்வு பெறுவதில்லை. உடுப்பு வயதுக்கு ஏற்றதா என்று கேட்பதற்கு முன், வேலைக்கு ஏற்றதா என்று கேட்டிருக்க வேண்டும். இந்த வேலைக்கு வயது வரம்பு கிடையாது.

“வேலைக்குச் சரி, படம் எதற்கு? மீசை நரைத்த பிறகு மார்பில் சிங்கம் எதற்கு?” என்று கேட்பீர்கள். படம் போட்ட துணியைப் பற்றி இந்த ஏரிக்கரைக்குப் பாடம் எடுப்பது நண்டுக்கு மணலைக் காட்டுவது போல. டச்சுக்காரர்கள் 1613-இல் இதே ஏரிக்கரையில் உள்ள பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதே துணிக்காகத்தான். இந்தக் கரையில் நெய்து, சாயமேற்றி, பூவும் கொடியும் உருவமும் எழுதிய துணிகளைக் கப்பலேற்றிக் கீழைத் தீவுகளில் மிளகு, கிராம்பு, சாதிக்காய்க்கு மாற்றினார்கள். அவற்றை அங்கே இளவட்டங்கள் மட்டும் உடுத்தவில்லை. சுலாவெசித் தீவின் தொராஜா மக்கள் இந்தியச் சித்திரத் துணிகளைக் குலச்சொத்தாகக் காப்பாற்றிச் சடங்குக்கு எடுத்தார்கள். துணிக்கு வயதாக ஆக மதிப்பு ஏறியது. மலேசியாவில் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் ‘பெலிக்காட்’ என்றுதான் பெயர். அந்தப் பெலிக்காட் எங்கள் பழவேற்காடுதான். பனியன் என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. வணிகரைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்து, பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வீட்டில் போடும் தொளதொள மேலங்கிக்குப் பெயரானது அது. அங்குள்ள அறிஞர்களும் பெருவணிகர்களும் இந்தியப் பூத்துணியில் தைத்த பனியனைப் போட்டுக்கொண்டு ஓவியர் முன்னால் கம்பீரமாக உட்கார்ந்தார்கள். அன்றைய கேஷுவல் அது. அவர்களை யாரும் வீட்டுக்குப் போய் காலர் போட்டுக்கொண்டு வரச் சொல்லவில்லை.

வெளிநாடு வேண்டாம், உள்ளூர் முதியவர்களைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் வயதான ஆணின் உடை எந்தக் காலத்தில் வாய் மூடி இருந்தது? கரைவேட்டி என்பது என்ன? கட்சிக் கொடியை நீளவாக்கில் கிழித்துக் கணுக்காலில் ஓடவிட்டது. மெல்லிய வெள்ளைச் சட்டையின் பைக்குள் தலைவர் படத்தை வைத்து, முகம் வெளியே தெரியும்படி நடக்கிற பெரிய மனிதர்களைத் தாங்கள் பார்த்ததில்லையா? அதுவும் படம் போட்ட சட்டைதான். படம் துணிக்கு மேலே இல்லாமல் துணிக்குப் பின்னால் இருக்கிறது, அவ்வளவே. 1879-இல் பிறந்த பெரியார் அறுபதைக் கடந்த பிறகு கறுப்புச் சட்டையைத் தன் கருத்தின் அடையாளமாக்கி, தொண்ணூற்று நான்கு வயது வரை அதோடு மேடை ஏறினார். அவர் வயதுக்கு அது எடுப்பாக இல்லை என்று சொன்னவர் யாரும் இல்லை. காந்தி 1921 செப்டம்பரில் மதுரையில் மேல்சட்டையையே விட்டார். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு ஆகப்போகிறது. தேசத்தின் கண்ணியம் முழுவதும் அன்றைக்குக் காலர் இல்லாமல் நின்றது. ஆக, முதியவரின் உடம்பு செய்தி சொல்வதில் நமக்குச் சங்கடம் கிடையாது. அந்தச் செய்தியைக் கரையிலும் பையிலும் சொன்னால் மரியாதை, மார்பில் சொன்னால் விடலைத்தனம் என்கிறோம். இந்தக் கோட்டைக் கிழித்தது எந்தத் தையல்காரர்?

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் போக மாட்டோம். 2024 அக்டோபரில் அப்போது துணை முதலமைச்சராக இருந்த 46 வயது உதயநிதி ஸ்டாலின் அரசு நிகழ்ச்சிகளுக்குக் கட்சிச் சின்னம் போட்ட டி-சர்ட்டில் வருவதை எதிர்த்து ஒரு வழக்கறிஞர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2019 ஆணை அரசியல் சட்டப் பதவியில் இருப்பவருக்குப் பொருந்துமா, டி-சர்ட் கேஷுவல் வகையில் சேருமா என்று நீதிமன்றம் அரசிடம் கேட்டது. இது நியாயமான கேள்வி. நாங்கள் எந்தப் பக்கமும் கொடி பிடிக்கவில்லை. ஆனால் அந்த வழக்கின் முள் எங்கே குத்துகிறது என்று பாருங்கள். அரசு மேடையில் கட்சிச் சின்னம் இருக்கலாமா என்பது படத்தின் பொருள் பற்றிய கேள்வி. அதே சின்னம் கதர்ச் சட்டைப் பையில் பூத்தையலாக இருந்தாலும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கும். 2020 செப்டம்பரில் இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜாவும் நடிகர் ஷிரிஷும் ‘ஹிந்தி தெரியாது போடா’ பாணி டி-சர்ட்டுகளைப் போட்டு நின்றபோது அது ஊரெல்லாம் பரவி, திருப்பூருக்கு ஆர்டராகவும் வந்தது. யுவனுக்கு அப்போது நாற்பது கடந்திருந்தது. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் சண்டை போட்டது அந்த வாசகத்தோடு, அவர் வயதோடு இல்லை. ஆபாச வாசகம் என்றால் இருபது வயதிலும் தப்பு, எழுபதிலும் தப்பு. பொருளை எடைபோட ஒரு தராசு போதும். அதன் இன்னொரு தட்டில் மனிதனின் நரையை ஏன் வைக்கிறீர்கள்?

“எல்லாம் சரி, பார்க்க நன்றாக இல்லையே, தொந்திக்கு மேல் சிங்கம் இழுபடுகிறதே” என்பது கடைசி வாதம். உண்மை, இழுபடுகிறது. அது அளவின் குறை. இறுக்கிப் பிடிக்கிற காலர் சட்டையிலும் தொந்தி பொத்தான் இடைவெளி வழியே எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. தோள் தையல் தோளில் உட்கார்ந்தால், இடுப்பில் ஒரு பிடி துணி தளர்ந்தால், எந்த வயதுக்கும் எந்தப் படமும் நிற்கும். ஆனால் ஐயா, அளவு பார்த்து வாங்குகிற ஆளைப் பற்றியா பேசுகிறோம்? எங்கள் மார்பில் இருக்கிற படங்களை நாங்களா தேர்ந்தெடுத்தோம்? தேர்தலுக்கு ஒரு பனியன், சிமெண்ட் கம்பெனிக்கு ஒன்று, கபடிப் போட்டிக்கு ஒன்று, பட்டணத்தில் படிக்கிற பேரன் போட்டுக் கழித்தது ஒன்று. உங்கள் விளம்பரத்தை எங்கள் மார்பில் ஒட்டும்போது வயது தெரியவில்லை. ஓட்டு கேட்டு வந்தபோது காலர் தேடவில்லை. ஏரியின் முகத்துவாரம் மணல் மூடிக் கடல் தண்ணீர் உள்ளே வராமல் இறால் அற்றுப் போகும்போது, அதைப் பார்க்கக் காலர் வைத்த சட்டை எத்தனை வந்தது? மாதம் ஒரு சிறு தொகைக்காக மூன்று பேருந்து மாறி வந்த மனிதனின் சிங்கத்தைப் பார்த்துச் சிரிக்க மட்டும் ஒரு முழு அலுவலகம் இருக்கிறது. வெட்கப்பட வேண்டியது அந்தப் பனியன் இல்லை. மன்னிக்க வேண்டும், தங்கள் முன் குரல் உயர்ந்துவிட்டது. காலர் இல்லாததால் தொண்டையைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை.

ஒருவேளை தாங்கள் எங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறீர்களோ என்னவோ. தமிழில் ஒருவரைப் பொறுப்புக் கேட்பதற்குச் சட்டையைப் பிடிப்பது என்றுதான் பெயர். காலர் அதற்கான கைப்பிடி. அதைத் தாங்கள் அனைவரும் தவறாமல் அணிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் பெருந்தன்மையை நாங்கள் இத்தனை நாள் உணராமல் போனோம்.

ஆகவே பணிந்து கேட்டுக்கொள்வது இரண்டு. முதலாவது, 2019 ஆணை ஊழியருக்கு மட்டுமே, மனு கொடுக்க வருகிறவரின் உடையோ அவர் வயதுக்கு அது பொருந்துமா என்பதோ எந்த மேசையின் வேலையும் இல்லை என்று ஒரு வரிச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். இரண்டாவது, அது முடியாது என்றால், அந்தப் பெரியவருக்குப் படம் போட்ட பனியன் போடும் வயது கடந்துவிட்டது என்று மேசைக்காரர் வாயால் சொன்னதையே எழுத்தில் தந்து, கையொப்பமிட்டு, முத்திரை வைத்துக் கொடுக்க ஆவன செய்ய வேண்டும். வயதுச் சான்று போதவில்லை என்று திரும்பிய மனுவோடு அதை இணைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காலர் இல்லாதோர்,
சுண்ணாம்புக்குளம்.