கோபாலுக்குக் கிடைத்த சக்தி

மலேசியக் கார்ட்டூனில் நம் ஆளைத் தேட வேண்டுமா? சாப்பாடு எங்கே இருக்கிறதோ அங்கே பாருங்கள். 2007-இல் தொடங்கிய ‘உப்பின் இப்பின்’ தொடரில் அங்கிள் முத்து கடை வைத்திருக்கிறார். 2011-இல் வந்த ‘போபோய்போய்’ தொடரில் கோபால் இருக்கிறான். போபோய்போய்க்கு இடி, காற்று, மண் என்று ஒரு பட்டாளமே கைவசம். யாயாவுக்குப் புவியீர்ப்பு, யிங்குக்கு வேகம். நம் கோபாலுக்கு? கையை நீட்டிக் கத்தினால் எதிரே இருப்பது தின்பண்டமாகிவிடும். போதாக்குறைக்குப் பயந்தாங்கொள்ளி, வீடியோ கேம் பைத்தியம் வேறு.

ஈப்போவில் எங்கள் வீட்டிலும் ஒரு கோபால் உண்டு, என் அக்கா மகன். “வீட்டுப்பாடம் முடிச்சிட்டியா?” என்று கேட்டால், உப்பின் இப்பின் பாணியில் “பெத்துல், பெத்துல், பெத்துல்” (சரிதான், சரிதான், சரிதான்) என்பான். நோட்டைத் திறந்தால் ஒரு வரி இருக்காது.

அவனோடு உட்கார்ந்து பார்ப்பவர் என் அம்மா. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கார்ட்டூனில் அவருக்கு ஒரே கவலைதான்: “அந்த முத்து கடன் குடுக்கிறானா? குடுத்தா கடை உருப்படாது.” தோட்டத்துக் கடையில் சிட்டை எழுதிச் சாமான் வாங்கியவருக்கு வேறென்ன தோன்றும்?

இரவானால் பையன் ‘மொபைல் லெஜெண்ட்ஸ்’ ஆடுவான்.

“சோறு ஆறுதுடா.”

“பாட்டி, இப்ப நிறுத்த முடியாது. கூட நாலு பேர் ஆடுறாங்க!”

“அவங்களையும் சாப்பிட்டு வரச் சொல்லு. யார் வீட்டுப் பிள்ளைங்களோ, பாவம்.”

முகம் தெரியாத அந்த நால்வரின் பசியை நினைத்து ஒரு பாட்டி வருந்துவதை, அந்த விளையாட்டைச் செய்தவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

எனக்கு வெகுநாள் ஒரு மனத்தாங்கல். ஏன் நம் ஆளுக்கு மட்டும் எப்போதும் சாப்பாட்டு இலாகா? ஒரு மின்னலாவது கொடுத்திருக்கக் கூடாதா?

2020-இல் என் வாயை அடைத்தது பேராக்கின் சுங்கை சிப்புட். எங்கள் தலைமுறைக்கு அந்த ஊர் என்றால் 1948-இன் அவசரகாலமும் துன் சம்பந்தனும்தான். இப்போது பையன்களிடம் கேட்டால் “பவித்ரா அக்கா ஊரு” என்கிறார்கள். பவித்ராவுடையது தோட்டத்து வேலை பார்த்த குடும்பம். கணவர் சுகு படம் பிடிக்க, பவித்ரா சரளமான மலாயில் பேசிக்கொண்டே சமைத்தார். கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையில் நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம். யூடியூபில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் அந்த அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தார்கள். மே மாதத் தொலைக்காட்சி உரையில் அப்போதைய பிரதமர் முகிதீன் யாசினே அவர்கள் பெயரைச் சொன்னார்.

அந்த மலாய் எங்கே படித்தது? உப்பின் இப்பின் பார்த்துப் பழகியதாகப் பவித்ரா சொல்லியிருக்கிறார். “கார்ட்டூன் பார்த்துக் கெட்டுப் போறே” என்று இனி எந்த முகத்தோடு அக்கா மகனைத் திட்டுவது?

கோபால் எதையும் சாப்பாடாக்குவான். சாப்பாட்டை எதுவாகவும் ஆக்கலாம் என்று காட்டியவர் பவித்ரா. அடுத்தது, நம் ஆளை நாமே படம் போடுகிற வேலை. அதற்கும் பேராக்கில் வழி போட்டாயிற்று. கோப்பேங் பக்கம் பிறந்த கார்ட்டூன் ஓவியர் லாட், தன் கம்பத்துப் பிள்ளைப் பருவத்தை 1979-இல் ‘கம்போங் பாய்’ என்று வரைந்தார். 1999-இல் அது தொலைக்காட்சித் தொடராகவும் ஓடியது.

ஆகவே பெற்றோர்களே, பையன் ஃபோனே கதியென்று கிடந்தால் தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் ஏதாவது வரைந்து கொண்டுவந்து காட்டினால், கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். அதில் நம் ஆள் பறந்துகொண்டிருக்கலாம். பறக்கட்டும், சாப்பாட்டுச் சக்தியை மட்டும் பிடுங்கிவிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். பிரதமர் வாய்வரைக்கும் போனது அதுதான்.